மட்கார்டில் ஒரு கைப்பிடி கரிசல்

செல்போன் அலறியது.

"பொணத்த என்ன பண்ணீங்க?"

ஹலோ இல்லை. நலமா இல்லை. எடுத்த எடுப்பிலேயே பிணம்!

செண்பகராஜ் போனைக் கையால் பொத்திக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ் கேட்டுக்கு வெளியே வந்தார்.

"இன்னும் ஒண்ணும் பண்ணல மேடம்... காட்டுலதான் கெடக்கு..."

"காட்டுல எங்க?"

"அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்..."

எடிட்டர் ராதாமணி சென்னையில் இருந்தபடியே பல்லைக் கடித்தாள். கோவில்பட்டி வரை கேட்டது.

"யோசிக்கிற நேரம்லாம் முடிஞ்சு போச்சு சார்! காலையில புத்தகம் அச்சுக்குப் போகணும். சரியா ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். கடைசி அத்தியாயம் என்னன்னு சொல்லணும். இல்லேன்னா இனிமே உங்க இடத்துல சமையல் குறிப்பு வரும்!"

டொக்!

மணி ஐந்து பதினைந்து.

வாட்ச்மேன் இசக்கி ஸ்டூலை விட்டு எழாமலே கேட்டார்.

"இன்னைக்கு எத்தன பேரு அண்ணாச்சி?"

"ஒருத்தன்தாம்யா."

"கொறஞ்சு போச்சே... ஒடம்புக்கு முடியலயா?"

பகலில் செண்பகராஜ் தீப்பெட்டி ஆபீஸின் ஸ்டோர் கீப்பர். மற்ற நேரத்தில் 'திகில் செண்பகம்'. ஏழு வருடம், பதினான்கு பாக்கெட் நாவல், அறுபத்திரண்டு கொலை. வாசகர் கடிதங்கள் எல்லாம் 'அன்புள்ள செண்பகம் அக்காவுக்கு' என்றுதான் தொடங்கும். அவர் திருத்துவதில்லை. அண்ணன் என்று தெரிந்தால் கடிதம் நின்றுவிடும் என்கிற பயம்.

வேறு பயங்களும் உண்டு. வீட்டில் பல்லி தெரிந்தால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள் அவர்.

ஒரு ரகசியமும் உண்டு...

அந்தப் பதினான்கு நாவலில் ஒன்றுக்குக்கூட முடிவு அவருடையது இல்லை!

அந்த ரகசியம் இப்போது அவருடைய ஆம்னி வேனின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தது.

சத்தியபாமா. பேக்கிங் சூப்பர்வைசர். ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை. மறு கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று.

"என்னம்மா அது?"

"பண்ணருவா அண்ணாச்சி. மத்தியானம் பஜார்ல வாங்குனேன். புதுசு."

பேப்பரைக் கிழித்துக்கொண்டு அரிவாள் நுனி எட்டிப் பார்த்தது. பளபளவென்று!

வேன் கிளம்பியது. பசுவந்தனைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விலக்கு, ஊர்ப்பாதை பிரிகிற இடம். அவள் அங்கே இறங்கித் தன் ஊருக்குப் போவாள். அவர் நேராகப் பசுவந்தனை. இந்த முக்கால் மணி நேர ஓட்டத்தில்தான் எல்லாக் கொலையும் நடக்கும். முடிச்சுப் போடுவது முன்சீட்டு. அவிழ்ப்பது பின்சீட்டு.

"கதைக்கு முந்தி ஒரு சங்கதி அண்ணாச்சி. இந்தத் தடவையாவது அட்டையில எம்பேரு வருமா?"

செண்பகராஜ் ஹார்ன் அடித்தார். எதிரே யாருமே இல்லை.

"அடுத்த புத்தகத்துல கண்டிப்பா பாமா. இதுக்கு அட்டை ரெடியாயிட்டாம்லா..."

"போன தடவையும் அட்டை ரெடி. அதுக்கு முந்துன தடவை எடிட்டரம்மாவுக்குக் காய்ச்சல்னீங்க."

"நெசமாவே காய்ச்சல்மா!"

"ஏழு வருசமாவா?"

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவளே சொன்னாள்.

"சரி, கதயச் சொல்லுங்க."

செண்பகராஜ் உற்சாகமானார்.

"ஒரு பெரிய சம்சாரி. நூறு ஏக்கர் கரிசக்காட்டுல வெள்ளாமை. தம்பிக்கும் அவருக்கும் நிலத்தகராறு. ஐப்பசி மாசம், அடமழை. தம்பி அண்ணன அடிச்சுக் கொன்னு, பொணத்த பைக்ல வச்சுக் கட்டி, நடுக்காட்டுக்குக் கொண்டு போயி பொதச்சிருதான். அதே பைக்ல ஏறி, வெள்ளை வேட்டியோட கோவில்பட்டியில ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயி பந்தியில உக்காந்துருதான்! எப்படி மாட்டுதான்? அதுதான் தெரியல..."

பின்சீட்டில் சிரிப்பு வெடித்தது. சாப்பாட்டுக் கூடை உருண்டு விழுந்தது.

"அண்ணாச்சி... நீங்க எந்த ஊரு?"

"பசுவந்தனை."

"கரிசல்ல பொறந்த ஆளு எழுதுத கதயா இது? மழை பேஞ்ச காட்டுக்குள்ள பைக்கா? பத்தடி போகுமா? மட்கார்டுக்குள்ள மண்ணு அப்பிப் போயி சக்கரம் நகராது. செருப்பப் போட்டு நடந்தாலே காலுக்கு ஒரு கிலோ ஏறுது. இவன் பொணத்தயும் ஏத்திக்கிட்டு பைக்ல போறானாம்... இதுல வெள்ளை வேட்டி வேற!"

செண்பகராஜ் ஸ்டியரிங்கிலேயே சரிந்தார்.

உண்மை! இந்தப் பக்கத்தில் மழை விழுந்தால், பைக்கைத் தார்ரோட்டில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பார்கள். பால்குடி மறந்த பிள்ளைக்குத் தெரிந்தது, அறுபத்திரண்டு கொலை செய்தவருக்கு மறந்துபோனது.

"மெட்ராஸ்ல யாருக்கும் இது தெரியாதுல்லா?"

"ஓட்டப்பிடாரத்துல படிப்பாவல்லா! காறித் துப்பிருவாவ."

மணி ஐந்து முப்பது. நாவல் நடுரோட்டில் செத்துக் கிடந்தது.

"இப்ப என்ன செய்ய பாமா? ஆறு மணிக்குக் கூப்பிடுமே அந்தம்மா..."

"தம்பிப் பயல விடுங்க. அவனுக்குக் கொல செய்யத் தெரியாது. சம்சாரியோட பொண்டாட்டி செய்யட்டும்."

"பொண்டாட்டியா!"

"காட்டப் பத்தி அவளுக்குத்தான் தெரியும். களை எடுக்குதது அவ, பருத்தி எடுக்குதது அவ. அவிய வரப்புல நின்னு பீடி குடிப்பாவ."

"அதுசரி... பொம்பளையாளு தனியா பொணத்த எப்படித் தூக்குவா?"

"எதுக்குத் தூக்கணும்?"

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"பொணத்தத் தூக்குனாத்தான அண்ணாச்சி கஷ்டம்? ஆள நடக்க வச்சே கூட்டிட்டுப் போயிரணும். அங்கன வச்சு பொணமாக்கிக்கிடணும்."

பிரமாதம்! செண்பகராஜுக்குப் புல்லரித்தது.

"என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போவா?"

"'குட்டையில கர ஒடைஞ்சிருச்சு... ஒரு எட்டு வந்து பாருங்க'ன்னா, வராத சம்சாரி உண்டா?"

"எந்தக் குட்டை?"

"பண்ணைக்குட்டை. ஜேசிபி வச்சு புதுசா தோண்டுனது. கரை பூரா வெட்டிப் போட்ட மண்ணு, பொலபொலன்னு கெடக்கும். மழைக்கு முந்தியே அதுல ஒரு குழிய எடுத்து வச்சிரணும். ஆளப் போட்டு மூடி, மேல ஆமணக்கு ஊணிட்டா ஒரு வாரத்துல மொளச்சிரும். எந்தப் போலீஸ்காரன் மொளச்ச செடியப் பிடுங்கிப் பாக்கப் போறான்?"

"அபாரம் பாமா! அபாரம்!"

செண்பகராஜ் ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார்.

தட்டிய கை அப்படியே நின்றது.

போன மாதம்... இதே பின்சீட்டில்... 'எங்க காட்டுல குட்டை தோண்ட ஜேசிபி வந்திருக்கு அண்ணாச்சி' என்று சொன்னது யார்?

போன வாரம்... 'கரையில ஆமணக்கு ஊணியிருக்கேன்' என்று சொன்னது யார்?

மெல்ல நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

சத்தியபாமா அரிவாளின் மேல் சுற்றியிருந்த பேப்பரை நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊ... ஊருல கேட்டா என்ன சொல்லுவா?"

"திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாவன்னு சொல்லணும். இங்கேருந்து எத்தன பேரு போறாவ... யாரு போயித் தேடப் போறா?"

"போன் போட்டுப் பாத்தா?"

"சுவிட்ச் ஆஃப். புது சிம்மு மாத்திட்டாவ, நம்பரு தெரியலன்னு சொல்லிக்கிடணும்."

ஜன்னல் வழியாக ஈரக் காற்று சில்லென்று அடித்தது. செண்பகராஜுக்கு வியர்த்தது!

அவளுடைய கணவன் சாமித்துரை. தினமும் காலையில் அவளைப் பைக்கில் கொண்டுவந்து விலக்கில் இறக்கிவிட்டு, "பாத்துப் போங்க அண்ணாச்சி" என்று கையசைப்பவன். பதினைந்து நாளாக அவனைக் காணோம். அவர் கேட்டபோது இவள் என்ன சொன்னாள்?

'ஞாயித்துக்கெழமையே திருப்பூர் போயிட்டாவ அண்ணாச்சி. போனு சுவிட்ச் ஆஃப்.'

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை வானத்தில் ஒரு சொட்டு இல்லை. மழை பிடித்தது மறுநாள் திங்கட்கிழமை.

அப்படியானால்...

இன்று காலையில் விலக்கு நிழற்குடைப் பக்கம் சாமித்துரையின் பைக் நின்றதே... அதன் மட்கார்டு முழுக்கக் கரிசல் மண் அப்பிக் கிடந்ததே!

சத்தியபாமாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அந்தப் பைக்கைத் தொடுகிற ஒரே ஆள் சாமித்துரைதான். ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போனவன், திங்கட்கிழமை பெய்த மழைக்குள் எப்படிப் பைக் ஓட்டினான்?

அவன் போகவே இல்லை!

இங்கேதான் இருக்கிறான்... ஆமணக்குக்கு அடியில்!

ஏழு வருடத்தில் முதல் முறையாக, திகில் செண்பகம் தானாகவே ஒரு கொலையைக் கண்டுபிடித்தார். சந்தோஷப்பட முடியவில்லை.

"என்ன அண்ணாச்சி, பேச்சையே காணோம்?"

"ஒ... ஒண்ணுமில்ல. கத நல்லாருக்கு..."

"ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு."

"எ... என்ன?"

"அவ வாய் சும்மா இருக்கல. ஜேசிபி வந்தது, ஆமணக்கு ஊணுனதுன்னு ஒண்ணொண்ணா ஒருத்தருகிட்ட சொல்லிட்டா. வேன்ல போகயில, பேச்சுவாக்குல. அவரு யோசிக்க ஆரம்பிச்சிட்டா வம்புல்லா?"

"அவரு... அவரு பாவம் பாமா! பிள்ளகுட்டிக்காரரு! யோசிக்கவே மாட்டாரு!"

"யோசிப்பாரு அண்ணாச்சி. கத எழுதுத ஆளு."

"எழுதுனா யோசிக்கணும்னு என்ன இருக்கு? நான்லாம் யோசிச்சா எழுதுதேன்?"

"அதுனால ரெண்டாவது கொல ஒண்ணு வேணும்" என்றாள் சத்தியபாமா.

விலக்கு வந்துவிட்டது.

நிழற்குடையில் ஓர் ஆள்கூட இல்லை. பக்கத்தில் அதே பைக். அதே மண். ரோட்டின் இரண்டு பக்கமும் காடு. அந்தி வெளிச்சத்தில் மக்காச்சோளத் தோகைகள் சரசரத்தன.

மணி ஐந்து ஐம்பத்தொன்பது.

"நிறுத்துங்க அண்ணாச்சி."

நிறுத்தினார்.

அவள் இறங்கவில்லை. முன்சீட்டுக்குப் பின்னால் குனிந்தாள். அவர் காதோரம் அவள் குரல்...

"குட்டையில கர ஒடைஞ்சிருச்சு அண்ணாச்சி... ஒரு எட்டு வந்து பாருங்க..."

"ஐயோஓஓ!"

கியர் அலறியது. செண்பகராஜ் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்தார். கோவில்பட்டிக்கே திரும்பிவிடலாம்! போலீஸ் ஸ்டேஷன்! மனிதர்கள்! டியூப் லைட்!

ரோடு சிறியது. திருப்பம் பெரியது.

வேன் தார்ரோட்டை விட்டுத் துள்ளி இறங்கியது... மழை பெய்த கரிசல் காட்டுக்குள்!

பத்தடி போனது.

நின்றது.

ஆக்சிலேட்டரை மிதித்தார். சக்கரம் உறுமியது. நகரவில்லை. கறுப்புக் களி எழும்பி வந்து கண்ணாடியில் அப்பியது. நாற்பத்தாறு வருடம் இந்த மண்ணில் விழுந்து எழுந்து வளர்ந்த மனிதர், எந்தத் தவறுக்காக அரை மணிக்கு முன் கேலி செய்யப்பட்டாரோ, அதே தவறை நான்கு சக்கரத்தில் செய்திருந்தார்!

சர்ர்ர்க்... பின்கதவு திறந்தது.

சதக்... சதக்...

சேற்றில் காலடி. அவள் வேனைச் சுற்றிக்கொண்டு அவர் கதவை நோக்கி வந்தாள். கையில் பண்ணருவாள்.

டாஷ்போர்டில் செல்போன் அடித்தது. மணி ஆறு! தட்டுத்தடுமாறிய விரல் பச்சையில் பட்டது, ஸ்பீக்கரிலும் பட்டது. அவர் பார்த்தது அரிவாளை மட்டும்தான்.

"பாமா! வேண்டாம் தாயி! யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்! ஒம்பேர அட்டையில போடுதேன்! எடிட்டரம்மாவுக்குக் காய்ச்சலே இல்ல! அந்தம்மாகிட்ட நான் ஒரு நாளும் ஒன்னப் பத்திச் சொல்லவே இல்ல! பதினாலு புத்தகத்துக்கும் முடிவு நீ சொன்னதுதான்! எனக்கு முடிவே வராது! நான் வெறும் வண்டி ஓட்டுதவன்! ஒம்பேரு பெருசா... எம்பேரு பொடியெழுத்துல..."

அரிவாள் ஓங்கியது.

இறங்கியது!

செண்பகராஜ் கண்களை இறுக மூடிக்கொண்டார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

சரக்... சரக்... சரக்...

ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

சத்தியபாமா குனிந்து முன்சக்கரத்தில் அப்பிய மண்ணை வழித்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டுக்குப் புல்லறுக்க வாங்குன அருவா. மொத நாளே மண்ணு வழிக்க வேண்டியிருக்கு" என்றாள். "காட்டுக்குள்ள வேன விட்டு பத்தடியில மாட்டுவீங்கன்னு நான் கண்டேனா?"

"சா... சாமித்துரை?"

அவள் நிமிர்ந்து, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.

தடதடவென்று டிராக்டர் சத்தம். விலக்குப் பாதையிலிருந்து தார்ரோட்டில் ஏறி வந்து நின்றது. ஸ்டியரிங்கில்...

பிணம்!

"வணக்கம் அண்ணாச்சி!" என்றது பிணம். "ஏட்டி பாமா, முடிஞ்சிச்சா? இனியாவது நான் டீக்கடைக்குப் போலாமா?"

சாமித்துரை கயிற்றோடு குதித்து இறங்கினான். பதினைந்து நாள் குமுறல் மொத்தமும் வெளியே வந்தது.

"விலக்குப் பக்கம் தலையக் காட்டாதன்னுட்டா அண்ணாச்சி! போனப் பிடுங்கி வச்சுக்கிட்டா. அது போகட்டும். நேத்து இந்தப் பைக்க மழைக்காட்டுக்குள்ள ஓட்டச் சொன்னா. ஓட்டுனேன். ஊரே நின்னு சிரிச்சிச்சு! இனிமே எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"ஒங்களுக்கு எதுக்குப் பொண்ணு?" என்றாள் சத்தியபாமா.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்ட்டி."

செண்பகராஜ் கதவைத் திறந்து காலை வைத்தார். முழங்கால் வரை இறங்கியது.

"ஏம்மா இப்படி? செத்தவன டிராக்டர்ல வர வச்சிட்டியே! எங்கிட்ட வாயத் திறந்து கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டாத்தான் ஹார்ன் அடிக்கீங்களே அண்ணாச்சி."



அப்போதுதான் டாஷ்போர்டிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"சார்! லைன்லதான் இருக்கேன். அந்த அலறல், அந்தக் கெஞ்சல், செத்தவன் டிராக்டர்ல வர்றது... க்ளைமாக்ஸ் பிச்சுட்டீங்க! ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. 'எனக்கு முடிவே வராது'ன்னு கதறினீங்களே, அது கதையில வர்ற டயலாக்கா? இல்ல நெசமா?"

செண்பகராஜ் போனைப் பார்த்தார்.

டயலாக் என்று ஒரு சொல் போதும். கொலையும் இல்லை, மிரட்டலும் இல்லை. பேர் பிழைத்துவிடும். நாளைக்கு அச்சு. திகில் செண்பகம் பழையபடி அக்காவாக வாழலாம்.

சத்தியபாமாவைப் பார்த்தார். சேலை விளிம்பெல்லாம் சேறு. அரிவாள் கை தளர்ந்து தொங்கியது. அவள் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடமாகப் பின்சீட்டில் இருந்து அவர் தலையின் பின்புறத்தை மட்டுமே பார்த்துக் கதை சொன்னவள்.

ஹார்ன் அடிக்கலாம் என்று கை போனது.

திரும்பி வந்தது.

"நெசம் மேடம்" என்றார் செண்பகராஜ். "இதுவும் பாமா சொன்ன முடிவுதான். பதினாலும் அவதான். பேரு சத்தியபாமா. எழுதிக்கோங்க."

ஸ்பீக்கரில் பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"அதானே பார்த்தேன்!" என்றாள் ராதாமணி. "முடிவு மட்டும் எப்படி நல்லா இருக்குன்னு ஏழு வருஷமா எனக்குக் குழப்பம் சார்!"

சாமித்துரை மட்டும் சிரித்தான். மனைவி முழங்கையால் இடித்ததும் நிறுத்தினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே வழித்த சக்கரத்தையே மறுபடியும் வழித்தாள்.

"அட்டையை நிறுத்தி வைக்கிறேன்" என்று தொடர்ந்தாள் எடிட்டர். "ராத்திரிக்குள்ள அனுப்புங்க. அப்புறம், ஒரே ஒரு லாஜிக் இடிக்குது. வேன் மண்ணுல பத்தடிகூடப் போகாதுங்கறது ரொம்ப ஓவர். வெறும் மண்ணு சார்! எந்த வாசகன் நம்புவான்? அதை மட்டும் மாத்திடுங்க."

மூன்று பேரும் வேனைப் பார்த்தார்கள். நான்கு சக்கரமும் காணாமல் போயிருந்தது.

"மாத்த முடியாது மேடம்!" என்றார்கள், மூன்று பேரும் ஒரே குரலில்.

அடுத்த மாதம்...

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் கடையில் புத்தகம் தொங்கியது. அட்டையில் பாதி இடத்தை 'சத்தியபாமா' அடைத்துக்கொண்டிருந்தாள். கீழே, படத்தில் இருந்த பைக்கின் மட்கார்டு ஓரமாக ஒரு பொடியெழுத்து வரி இருந்தது. கதறியதைக் கதறியபடியே அச்சடித்திருந்தாள் ராதாமணி.

'வண்டி ஓட்டியவர்: திகில் செண்பகம்.'

வாட்ச்மேன் இசக்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையைத் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, அந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு செண்பகராஜை மேலும் கீழும் பார்த்தார்.

"அன்னைக்கு எத்தன பேருன்னு கேட்டப்போ ஒருத்தன்தாம்னீங்களே அண்ணாச்சி... செத்தது நீங்கதானா?"